ஒரே கட்டத்தில் இரண்டு ஞாயிறு

2026 மே மாதம் வெள்ளிக்கிழமை பிறக்கிறது. ஞாயிறில் தொடங்கி ஐந்து வரிசைக் கட்டம் போட்ட மாதக் காலண்டரில் அந்த மாதம் அடங்காது. 31-ஆம் தேதி ஆறாவது வரிசைக்கு வழிந்துவிடும். ஆறாவது வரிசை போட்டால் எல்லாக் கட்டங்களும் குறுகும், இல்லையென்றால் அடியில் இருக்கும் விளம்பரம் போக வேண்டும். அதனால் நெடுநாள் வழக்கப்படி 24-ஆம் தேதிக் கட்டத்தில் குறுக்குக் கோடு இழுத்து, கீழ்ப்பாதியில் 31-ஐ வைப்பார்கள். தேதி பார்க்க அது போதும். ஆனால் அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 5. அதிலிருந்து ஏழு வாரம் கழித்து மே 24-இல் தூய ஆவியார் பெருவிழா, அடுத்த ஞாயிறு மே 31-இல் மூவொரு கடவுள் பெருவிழா. இரண்டு அங்குலக் கட்டத்தில் இரண்டு பெருவிழாவும், இரண்டு தமிழ்த் தேதியும், இரண்டு திதியும், இரண்டு நட்சத்திரமும், இரண்டு ஹிஜ்ரி தேதியும் வந்து நிற்கின்றன. எதையாவது விட்டாக வேண்டும். எழுத்தைச் சிறிதாக்கினால் தீரும் சங்கடம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. எதை விடலாம் என்று தீர்மானிப்பவருக்கு, ஒரு நாள் எதனால் திருநாள் ஆகிறது என்பதில் முதலில் ஒரு தெளிவு வேண்டும்.

நான் இங்கே பேசுவது தெருவுக்கோ ஊருக்கோ பொதுவாக அடிக்கப்படும் காலண்டரைப் பற்றி. குடியிருப்போர் சங்கமோ வணிகர் சங்கமோ ஆண்டுதோறும் தன் உறுப்பினர்களுக்குக் கொடுப்பது. பன்னிரண்டு தாள், இரண்டு வண்ணம், மேலே சங்கத்தின் பெயர், கீழே விளம்பரம் கொடுத்த கடைகள். எல்லாருடைய விசேஷமும் வர வேண்டும், யாரும் குறை சொல்லக் கூடாது, செலவு ஏறக் கூடாது என்பதுதான் சங்கத்தார் வைக்கும் நிபந்தனை. காலமும் நெருக்கும். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும். தமிழக அரசின் விடுமுறைப் பட்டியல் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில்தான் வரும். டிசம்பர் முடிவதற்குள் காலண்டர் வீடு சேர வேண்டும். இந்த அவசரத்தில், வடிவமைப்பவர் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதிகளைப் போட்டுவிடுவது நடக்கக்கூடியதுதான். ஆனாலும் அது சரியல்ல என்பது என் கட்சி. திருநாளின் தேதிக்கு வானம் ஆதாரம் தருகிறது. அதை நாளாக்குவது, அன்று கூடுவதாகத் தங்களுக்குள் வாக்குக் கொடுத்துக்கொண்ட மக்கள். ஆகவே ஒரு காலண்டர் தேதியை அச்சிடும்போது, யாருடைய வாக்கை அச்சிடுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டது. இடம் போதவில்லை என்பதால் அந்தக் கடமை நீங்காது. எதை வெட்டுவது என்று முடிவெடுக்க அந்தக் கடமையே அளவுகோல்.

வானம் தானே பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் திதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலகிச் செல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு திதி. சந்திரனின் வேகம் கூடிக் குறைவதால் ஒரு திதி சுமார் 19 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரமும் நீளலாம். அது காலையில் பிறந்து, மறுநாள் விடியுமுன்பே முடியலாம்; நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை ஓடும் காலண்டர் கட்டத்தைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. எனவே எந்தத் திதி எந்த நாளுக்கு உரியது என்று ஒரு விதி வேண்டியிருந்தது. பொதுவாகச் சூரிய உதயத்தில் இருக்கும் திதியை எடுத்துக்கொள்கிறார்கள். சிவராத்திரிக்கு நள்ளிரவு. பிரதோஷத்துக்கு அந்தி. இந்த விதிகள் வானத்தில் எழுதப்பட்டவை அல்ல, ஆய்ந்து பார்த்து மனிதர்கள் வகுத்தவை. விதி உள்ள இடத்திலும் சிக்கல் வரும். 2024-இல் அமாவாசை அக்டோபர் 31 பிற்பகலில் தொடங்கி நவம்பர் 1 மாலையில் முடிந்தது. இலட்சுமி பூஜையை அந்தியில் செய்யும் வடநாட்டில் எந்த அந்தி என்று பண்டிதர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். நரக சதுர்த்தசியின் விடியற்காலையைக் கொண்டாடும் தமிழ்நாட்டுக்கு அந்தக் குழப்பமே இல்லை. அக்டோபர் 31 தீபாவளி. அதே நிலவு, அதே கணக்கு. கூடும் மக்கள் எந்த நேரத்தைத் தங்கள் நேரமாக வைத்துக்கொண்டார்கள் என்பது மட்டுமே வேறு.

இதைவிடக் கூர்மையான உதாரணம் வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்க முறைகள். சந்திரனின் 248 நாள் ஓட்டத்தை 248 வாக்கியங்களாக்கி, எழுத்துகளுக்கு எண்மதிப்புக் கொடுத்து மனப்பாடம் செய்துவைத்த மரபு வாக்கியத்தினுடையது. வரருசியின் பெயரால் வழங்கும் அந்த வாக்கியங்களைச் சங்கமகிராம மாதவர் பிற்காலத்தில் செம்மையாக்கினார். 1825-இல் ஜான் வாரன் என்ற அதிகாரி புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைக் கண்டதை எழுதிவைத்திருக்கிறார். அவர் தரையில் சோழிகளை வைத்து, தாளும் எழுதுகோலும் இல்லாமல், மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். கிரகணத்தின் தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம், முடிவில் 52 நிமிடம். இத்தனை நூற்றாண்டுப் பயணத்துக்குப் பிறகு அந்த 4 நிமிடம் என்னை வியக்க வைக்கிறது. 52 நிமிடத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. கண்ணால் காணும் வானத்தோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்ற தேவையிலிருந்து திருக்கணிதம் வலுப்பெற்றது. மதராஸ் வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 19-ஆம் நூற்றாண்டில் அந்த வழியில் பஞ்சாங்கம் வெளியிட்டார். இன்று இரண்டும் அருகருகே வாழ்கின்றன. திதியில் நாழிகைக் கணக்கில் இருக்கும் வேறுபாடு, சனியில் மாதக் கணக்காகிவிடுகிறது. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-இல் சனி மீனத்துக்குப் பெயர்ந்தது. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவது. அங்கே பெயர்ச்சி விழா 2026-இல்தான் என்று கோயில் நிர்வாகம் அறிவிக்க வேண்டிவந்தது. அந்த மார்ச்சில் ‘சனிப் பெயர்ச்சி’ என்று மட்டும் அச்சிட்ட காலண்டரை நம்பித் திருநள்ளாற்றுக்குப் பேருந்து ஏறியவர் அங்கே விழாவைக் கண்டிருக்க மாட்டார்.

வானியல் கற்றவர் இங்கே குறுக்கிட்டுக் கேட்பார்: வாக்கியக் கணக்கு சனியைத் தவறான இடத்தில் வைக்கிறது, தவறு தவறுதானே, அதற்கு ஏன் காலண்டரில் இடம்? நியாயமான கேள்வி, இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்வதை நான் விரும்பவில்லை. சனி என்ற கோள் இன்றிரவு எங்கே நிற்கிறது என்பது வானத்தைப் பற்றிய கூற்று. அதில் தொலைநோக்கிக்கே கடைசி வார்த்தை. வாக்கியம் அங்கே பிசகினால் பிசகு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மரபு என்பதற்காக எண்ணை வளைக்கக் கூடாது. ஆனால் ‘திருநள்ளாற்றில் இன்று பெயர்ச்சி விழா’ என்பது மனிதர்கள் கூடுவதைப் பற்றிய கூற்று. அன்று நளதீர்த்தத்தில் நீராடிச் சந்நிதியில் வரிசை நிற்பவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதே அதை மெய்யாக்கப் போதுமானது. ஒரே பெயரின் கீழ் இந்த இரண்டு கூற்றும் ஒளிந்திருக்கின்றன. காலண்டர் அவற்றைப் பிரிக்காமல் ஒரு சொல்லாக அச்சிடும்போது வானியலாருக்கும் பொய் சொல்கிறது, பக்தருக்கும் பொய் சொல்கிறது. ‘திருக்கணிதம்’ அல்லது ‘வாக்கியம், திருநள்ளாறு’ என்று பக்கத்தில் இன்னும் ஒன்றிரண்டு சொல் போட்டால் இரண்டு கூற்றும் தம் எல்லைக்குள் உண்மையாகிவிடும்.

கணக்குக்கும் மக்கள் கூடுவதற்கும் உள்ள இந்த உறவை யூத மரபு மிகத் துணிவாக யோசித்திருக்கிறது. சுமார் கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பிறை கண்டதாக இருவர் சாட்சி சொன்னார்கள். மறுநாள் இரவு பிறை தெரியவில்லை. யவ்னேவில் இருந்த சபையின் தலைவர் ரப்பன் கமலியேல் அந்தச் சாட்சியை ஏற்று மாதத்தை அறிவித்துவிட்டார். அவர்கள் பொய்ச்சாட்சிகள் என்று மற்றொரு ஞானி சொல்ல, ரபி யோசுவாவும் அதை ஒப்புக்கொண்டார். கணக்கில் யோசுவாவின் பக்கமே நியாயம் இருந்ததாகத் தோன்றுகிறது. அவருடைய கணக்குப்படி பாவநிவாரண நாள் எந்த நாளில் வருமோ, அதே நாளில் கைத்தடியும் பணமுமாகத் தன்னிடம் வரும்படி கமலியேல் அவருக்கு ஆணையிட்டார். ஆண்டிலேயே மிகப் புனிதமான அந்த நாளில் பணத்தைக் கையில் எடுப்பது ஆகாது. யோசுவா வருந்தினார். சபை அறிவித்த நாளே நாள் என்று ரபி அகிபா அவருக்கு விளக்கினார். யோசுவா தடியையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு யவ்னேவுக்கு நடந்தார். கமலியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டு, ஞானத்தில் தன் குரு என்றும், சொன்னதை ஏற்றதில் தன் சீடர் என்றும் அவரை அழைத்தார். கணக்கில் யோசுவா குரு என்பதைக் கமலியேல் மறுக்கவே இல்லை என்பதைத்தான் நான் இங்கே முக்கியமாகப் பார்க்கிறேன். சரியான கணக்கு தெரிந்தவர் தன் கணக்கை விட்டுவிடவில்லை; சமூகத்தை விட்டுத் தனியாக ஒரு புனித நாளை வைத்துக்கொள்ள மறுத்தார். 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்களுக்கும் எல்லாரும் ஒரே நாளில் ஈஸ்டர் கொண்டாட வேண்டும் என்ற கவலையே பெரிதாக இருந்தது. 1582-இல் கிரகோரியாரின் காலண்டர் சீர்திருத்தம் வானத்தோடு கணக்கைச் சேர்த்து வைத்தது. கிழக்குத் திருச்சபைகள் பெரும்பாலும் அதை ஏற்காததால் கூடும் நாள் பிரிந்தது. 2025-இல் இருசாராருக்கும் ஏப்ரல் 20 ஒன்றாக அமைந்தது. 2026-இல் மறுபடி ஒரு வார இடைவெளி.

அப்படியானால் நம்பிக்கை வெறும் ஒப்பந்தமாகச் சுருங்கிவிடாதா என்று பக்தி உள்ளவர் கேட்கலாம். ஏகாதசி ஏகாதசியாக இருப்பதால்தான் விரதம். நாலு பேர் சேர்ந்து நாளைக்கு என்று மாற்றிக்கொண்டால் அதில் தெய்வத்துக்கு என்ன வேலை? இந்தக் கேள்வியின் வலியை நான் உணர்கிறேன். ஆனால் மனிதர் ஏற்படுத்தியது என்பதால் ஒன்று இலேசாகிவிடுவதில்லை. திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் சுற்றமும் சேர்ந்து ஏற்றுக்கொண்டதால்தான் அது இருக்கிறது. அதனாலேயே ஒருவர் நினைத்த மாத்திரத்தில் அவிழ்த்துக்கொள்ள முடியாத அளவுக்கு அது கட்டுகிறது. திருநாளும் அப்படித் தலைமுறைகள் சேர்ந்து கொடுத்த வாக்கு. ஆகவே அதை யாரும் ஒரு காலையில் மாற்றிவிட முடியாது, அரசாங்கத்தாலும் முடியாது. மேகநாத் சாகா தலைமையில் 1952-இல் அமைந்த காலண்டர் சீர்திருத்தக் குழு மிகுந்த கவனத்தோடு உழைத்து 1955-இல் அறிக்கை தந்தது. அதன்படி 1957 மார்ச் 22-இல் சக ஆண்டை அடிப்படையாகக் கொண்ட தேசியக் காலண்டர் நடைமுறைக்கு வந்தது. வானியல்படி செப்பமானது, அரசிதழில் இன்றும் அச்சாகிறது. ஆனாலும் அதைப் பார்த்துக் கல்யாணத்துக்கு நாள் குறிக்கும் தமிழ்க் குடும்பம் இல்லை. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, 2011-இல் நீக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் அச்சுக்காரர்கள் சட்டத்தைப் பார்த்துத் தலைப்பை மாற்றினார்கள்; சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடி செய்கிற வீடுகள் அதை நிறுத்தவில்லை. தை முதல் நாளை மனதாரப் புத்தாண்டாகக் கொண்டவர்களும் சட்டம் போன பிறகு அதை விட்டுவிடவில்லை. அச்சிட்ட தாள் இந்த வாக்கை உண்டாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. அதற்குச் சாட்சி சொல்ல மட்டுமே அதனால் முடியும். சாட்சிக்கு வேண்டியது நேர்மை.

அந்த நேர்மை மிகக் கடினமாகும் இடம் பிறை. ஹிஜ்ரி ஆண்டு சுமார் 354 நாள். மாதம் பிறப்பது பிறை தென்படுவதைக் கொண்டு. தமிழ்நாட்டில் தலைமை காஜி அறிவிக்கிறார், இலங்கையில் கொழும்புப் பெரிய பள்ளிவாசல். கணக்கை மட்டும் வைத்து மாதத்தை முன்கூட்டியே அறிவிக்கும் துருக்கி போன்ற நாடுகளும் உண்டு. அதுவும் ஒரு சமூகத்தின் முடிவு, அங்கே அது செல்லும். ஆனால் நம் ஊர்ப் பள்ளிவாசல் பிறை பார்க்கும் ஜமாஅத்தாக இருக்கும்போது, ஐந்து மாதம் முன்னாலேயே அச்சுக்குப் போகும் காலண்டரில் ரமலான் பண்டிகையை ஒரு கட்டத்தில் உறுதியாக நிறுத்துவது, அந்த மக்கள் அப்போது அறியாத ஒன்றை அறிந்ததாகச் சொல்வதாகும். பெரும்பாலான காலண்டர்கள் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, தாளின் அடியில் பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் ‘பிறை தென்படுவதைப் பொறுத்தது’ என்று முடித்துக்கொள்கின்றன. என் கருத்தில் அந்தச் சொல் பண்டிகையின் பெயருக்குப் பக்கத்தில், பெயரின் அதே அளவில், அடுத்தடுத்த இரண்டு கட்டங்களிலும் வர வேண்டும். 29-ஆம் நாள் மாலை வானத்தைப் பார்த்து நிற்கும் காத்திருப்பு அந்த வழிபாட்டைச் சேர்ந்தது. அதை அச்சுப்பிழையைப் போல அடிக்குறிப்பில் ஒளித்தால் வழிபாட்டின் ஒரு பகுதியை வெட்டிவிட்டோம்.

இடத்துக்கு எங்கே போவது என்று சங்கத்தார் கேட்பார்கள். இடம் இருக்கிறது. இராகு காலத்தைப் பாருங்கள்: திங்கள் 7.30 முதல் 9, செவ்வாய் 3 முதல் 4.30, புதன் 12 முதல் 1.30 என்று கிழமைக்கு ஒன்றாக நிலைத்தது. காலை ஆறுக்கு உதயம் என்று வைத்துக்கொண்டு போட்ட வாய்ப்பாடு அது. ஆண்டு முழுதும் மாறாத ஏழு வரியை முந்நூற்று அறுபத்தைந்து கட்டத்திலும் திரும்பத் திரும்ப அடிக்கிறோம். எமகண்டமும் குளிகையும் அப்படியே. ஏழு கிழமைத் தலைப்புகளின் கீழ் ஒருமுறை போட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூன்று வரி மிச்சம். அந்த வரிகள் யாருக்கு என்பதுதான் அடுத்த கேள்வி. கூடுவோரின் வாக்கே நாளை நாளாக்குகிறது என்றால் பெரும்பான்மையின் வாக்கே எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிடும் என்று ஒருவர் அஞ்சினால் அந்த அச்சம் பொருளுள்ளது. நான் சொல்லும் கொள்கை எண்ணிக்கையைக் கேட்பதில்லை. மாசி 20 அய்யா வைகுண்டர் அவதார தினம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களிலும் அதற்கு உள்ளூர் விடுமுறை உண்டு, மற்ற மாவட்டங்களில் அரசுப் பட்டியலில் அது இல்லை. ஒரு தெருவில் அய்யாவழிக் குடும்பம் ஒன்றே இருந்தாலும் அவர்கள் தங்கள் வழிபாட்டிடமான பதியில் கூடுகிறார்கள், எனவே அந்த நாள் உண்டு. சிவப்பு மையை இங்கே ஒழுங்குபடுத்த வேண்டும். இரண்டே வண்ணம் உள்ள காலண்டரில் சிவப்பு எண் அலுவலகம் மூடியிருப்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். அதைப் புனிதத்தின் நிறமாகவும் சேர்த்துப் பயன்படுத்தினால், அரசு விடுமுறை கிடைக்காத சமூகத்தின் நாள் தரம் குறைந்தது என்று சுவர் ஆண்டு முழுதும் சொல்லிக்கொண்டிருக்கும். திருநாளின் பெயர்கள் எல்லாம், அது பொங்கலோ மகாவீர் ஜெயந்தியோ மூவொரு கடவுள் பெருவிழாவோ, ஒரே எழுத்தில், ஒரே அளவில், கறுப்பில் வரட்டும். 2026 மே மாதத்தைப் போன்ற மாதங்களுக்கு விளம்பரத்தை ஒரு விரற்கடை குறைத்து ஆறாவது வரிசை போடுவதே முறை. விளம்பரம் கொடுத்தவரும் பெரும்பாலும் அதே தெருக்காரர், சொன்னால் புரிந்துகொள்வார்.

கைபேசியில் எந்த ஊருக்கும் எந்தப் பஞ்சாங்கமும் கிடைக்கும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கேட்பவருக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். கைபேசி ஒருவருக்கு அவருடைய நாளைக் காட்டுகிறது. சுவரில் தொங்கும் காலண்டர் அடுத்த வீட்டாரின் நோன்பு எப்போது, எதிர் வீட்டின் தேர்த்திருவிழா எப்போது என்று தேடாமலே தெரிவிக்கிறது. ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் தெருவைப் பங்கிட்டுக்கொள்பவர்களுக்கு அது பெரிய உதவி.

எஞ்சுவது ஒரு கடினமான நிலை. கேட்டு வந்த சங்கமே இரண்டாகப் பிரிந்திருந்தால்? யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் தனித்தனியே வெளியாகின்றன. புலம்பெயர்ந்த ஊர்களிலும் அவரவர் பஞ்சாங்கம் அவரவரோடு போயிருக்கிறது. அங்கே சூரிய உதயமும் வேறு. இரு பஞ்சாங்கமும் ஒரு விரதத்தை இரண்டு நாளில் வைக்கும்போது, ‘நீங்களே பார்த்து ஒன்றைப் போட்டுவிடுங்கள்’ என்று வடிவமைப்பவரிடம் விட்டுவிடுவது சங்கத்துக்கு வசதி. அவர் அந்த அதிகாரத்தை ஏற்கக் கூடாது. கமலியேலுக்குச் சபை இருந்தது. கணினியில் கட்டம் போடுபவருக்கு அப்படி எந்தச் சபையும் இல்லை. அவர் செய்ய வேண்டியது, ஆண்டில் இரு பஞ்சாங்கமும் பிரியும் நாட்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, சங்கக் கூட்டத்தில் வைத்து, எந்தக் கோயில் எதைப் பின்பற்றுகிறது என்று நிர்வாகிகளிடமே கேட்டுக் கையெழுத்து வாங்குவது. முடிவு ஒன்றானால் அதைப் பஞ்சாங்கத்தின் பெயரோடு போடலாம். முடிவு வராவிட்டால் இரண்டு கட்டத்திலும் விரதத்தின் பெயரை எழுதி, அருகில் அந்தந்தக் கோயிலின் பெயரைப் போட வேண்டும். அந்தப் பட்டியலை ஆடிப்பெருக்குக்கு முன்பே சங்கத்தின் முன் வைத்துவிட வேண்டும். நவம்பரில் கேட்டால் யாருக்கும் கூட்டம் போட நேரம் இருக்காது.